வளவு வீட்டுக்கு எத்தனை முகம்?

என் வகுப்புப் பையன் ஒருவன் கரும்பலகையில் 16 − 24 + 11 என்று எழுதினான். பக்கத்தில் 3 என்று போட்டுவிட்டு, சாக்பீஸைக் கீழே வைக்காமல் நின்றான். அதே பலகையின் மூலையில், முந்தின வாரம் நான் எழுதிக் கட்டம் கட்டிய வரி இன்னும் அழியாமல் இருந்தது: உச்சிகள் − விளிம்புகள் + முகங்கள் = 2. அதற்குக் கீழே, கொஞ்சம் பெருமையாகவே, "தட்டையான முகங்கள் உள்ள எந்தத் திண்மத்துக்கும்" என்று சேர்த்திருந்தேன்.

"மறுபடி எண்ணிப் பாருடா" என்றேன். எண்ணினான். 3 தான். நானே வாங்கி எண்ணினேன். 3 தான். நல்ல வேளை, மணி அடித்தது.

அந்த 3 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு செங்கலின் கதையைச் சொல்ல வேண்டும்.

செங்கல்

காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 32 பேர். திண்ம வடிவங்கள் பாடத்தைத் தொடங்கிய அன்று, மேசையில் ஒரு செங்கலை வைத்து, இதற்கு முகம், விளிம்பு, உச்சி எத்தனை என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் "ஆறு, பன்னிரண்டு, எட்டு" என்று வகுப்பே பாடியது. கீழ் வகுப்பிலேயே மனப்பாடமாகி வந்த பாட்டு அது. சரி, தெரிந்திருக்கிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அன்றைக்குக் கையில் இன்னொன்று இருந்தது, அட்டையில் கூடாரம் மாதிரி மடித்த முக்கோணப் பட்டகம். இதற்கு எத்தனை என்றேன். கால்வாசிப் பேர் அதற்கும் ஆறு, பன்னிரண்டு, எட்டு.

வாயால் சொல்ல வேண்டாம், ஒவ்வொருவராக வந்து தொட்டுக் காட்டுங்கள் என்றேன். இரண்டு வகுப்பு நேரம் இதிலேயே போனது. போனதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு பெண் செங்கலின் மேலே இருந்த நான்கு மூலைகளை மட்டும் தொட்டாள். கீழே நான்கு இருக்கிறதே என்றேன். "உச்சின்னா மேலதான டீச்சர் இருக்கும்?" செங்கலைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். மறுபடியும் மேலே இருந்த நான்கு. முதலில் தொட்டதெல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அது இப்ப அடிக்குப் போயிருச்சு டீச்சர்."

அவளைத் தப்பு சொல்ல முடியாது. உச்சந்தலை, உச்சி வெயில், மலை உச்சி, தலைவாரும்போது எடுக்கிற உச்சி வகிடு. நாம் பேசும் தமிழில் உச்சி மேலேதான் இருக்கும். பாடப்புத்தகம் அந்தச் சொல்லை எடுத்துக் கீழ் மூலைக்கும் வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

முகத்திலும் இதே சங்கடம். ஒரு பையனின் அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறார். டைல்ஸுக்கு எத்தனை முகம் என்றால், ஒன்று என்றான். அவன் பார்த்த வேலை அப்படி. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணங்களை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு நிரப்புவார்கள். பூ வேலை உள்ள முகம் கவிழ்ந்து, கண்ணாடியை ஒட்டி இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துக் காய்ந்த பிறகு பார்த்தால் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே அந்த முகத்தில் இறங்கியிருக்கும். மற்றது எல்லாம் அவனுக்கு அடி, ஓரம். இந்த ஊரில் வீட்டுக்கே முகப்பு ஒன்றுதான். கல்லுக்கு ஆறு முகம் என்றால் முருகனைத்தான் நினைப்பான். இன்னொரு விஷயமும் இதில் தெரிந்தது: டைல்ஸைச் சதுரம் என்று சொன்னவர்களே அதிகம். ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு கனம் இருக்கிறது, அது கனச்செவ்வகம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

"பக்கம்" இன்னும் மோசம். தாளில் வரைந்த சதுரத்துக்கு நான்கு பக்கம் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். அங்கே பக்கம் ஒரு கோடு. பெட்டியின் பக்கம் என்று வீட்டில் சொன்னால் அது ஒரு பரப்பு. அதிலும் சுற்றியுள்ள நான்கு மட்டும்தான் பக்கம், மற்ற இரண்டும் மேலே, கீழே. அன்றிலிருந்து திண்ம வடிவங்கள் பாடத்தில் பக்கம் என்ற சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை.

பொட்டும் நூலும்

மாற்றியது சின்ன விஷயம்தான். ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்கி, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பொட்டு ஒட்டச் சொன்னேன். ஒட்டி முடித்தபின் செங்கலை எப்படி உருட்டினாலும் பொட்டு பொட்டுதான். அடிக்குப் போனாலும் அது இல்லாமல் போவதில்லை. விளிம்புகளில் நூல், முகங்களில் சாக்பீஸால் எண். மேலே நான்கு மட்டும் எண்ணிய பெண், எட்டுப் பொட்டையும் ஒட்டிவிட்டு, "இத முன்னாடியே மூலைன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். சொல்லியிருக்கலாம்தான்.

விளிம்பு எண்ணுவதில்தான் எல்லோருக்கும் கை தடுமாறும், ஏற்கெனவே எண்ணியதையே திரும்ப எண்ணிவிடுவார்கள். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கனச்சதுரத்தில் ஆறு முகம், ஒவ்வொன்றுக்கும் நான்கு விளிம்பு, ஆக 24. ஆனால் ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொதுச்சுவர் மாதிரி. இரண்டு வீட்டுக்காரரும் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாதியாக்கினால் 12. பொதுச்சுவர் என்று சொன்னதும் வகுப்புக்குப் புரிந்துவிட்டது. சுவர்த் தகராறு பார்க்காத தெரு ஏது?

அப்புறம் பட்டியல் போட்டோம். கனச்சதுரத்துக்கு 8 உச்சி, 12 விளிம்பு, 6 முகம். முக்கோணப் பட்டகத்துக்கு 6, 9, 5. சதுர அடி பிரமிடுக்கு 5, 8, 5. நான்முகிக்கு 4, 6, 4. இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிய எண்முகிக்கு 6, 12, 8. கடைசி வரியைப் பார்த்ததும் "டீச்சர், இது நம்ம செங்கல் கணக்கு தலைகீழா இருக்கு" என்றது ஒரு குரல். அந்தக் கவனிப்பு தனியாக ஒரு வகுப்புக்கு உரியது, இங்கே விட்டுவிடுகிறேன். எல்லா வரியிலும் உச்சியிலிருந்து விளிம்பைக் கழித்து முகத்தைக் கூட்டினால் 2.

கணித அறிஞர் ஆய்லர் 1750 நவம்பரில் பெர்லினிலிருந்து தன் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இந்த உறவைச் சொல்கிறார். நிரூபணம் இன்னும் கைக்கு வரவில்லை என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. முகத்துக்கும் மூலைக்கும் முன்பே பெயர் உண்டு. விளிம்பைத் தனியாக எண்ண வேண்டிய ஒன்றாக எடுத்து, அதற்கு இலத்தீனில் 'அசியேஸ்' என்று பெயர் வைத்தவர் அவர். கத்தியின் கூர் என்று பொருள். எண்ணுவதற்கு முன்னால் பெயர் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இந்த மகிழ்ச்சியில்தான் "எந்தத் திண்மத்துக்கும்" என்று எழுதிக் கட்டம் கட்டினேன்.

இரண்டு வீடுகள்

அடுத்த வாரம் ஆளுக்கொரு திண்மம் செய்து வாருங்கள் என்றேன். சோப்புக் கட்டியைச் சீவியவர்கள் உண்டு, அட்டை மடித்தவர்கள் உண்டு. பலகையில் 3 போட்ட பையன் தெர்மாகோலில் வீடு செய்திருந்தான். அவனுடைய ஐயா கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியூரில், விசேஷத்துக்குத்தான் வருவார்கள். லீவு நாளில் இவன் அங்கேயே கிடப்பான். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு என்று அந்த வீடு அவனுக்கு உள்ளங்கை. ஆனால் தெர்மாகோலில் அவ்வளவும் வராது. ஒரு கனச்செவ்வகம், நடுவே வானம் பார்த்த சதுர முற்றம், அவ்வளவுதான். கீழே ஒரு முழுத் தகடு, மேலே நடுவில் சதுரம் வெட்டிய கனமான தகடு, இரண்டையும் ஒட்டியிருந்தான்.

எண்ணிப் பாருங்கள். வெளியே 8 மூலை, முற்றத்துக்குள் 8, ஆக 16. விளிம்பு வெளியே 12, உள்ளே 12, ஆக 24. முகம்: வெளிச்சுவர் 4, முற்றத்துச் சுவர் 4, மேல்தளம் 1, முற்றத்தின் தரை 1, வீட்டின் அடி 1, ஆக 11. விடை 3.

தற்செயலாக, பின் பெஞ்சில் இரண்டு பெண்களும் அதே மாதிரி வீடுதான் செய்திருந்தார்கள். தரை வைக்கவில்லை, முற்றம் அடிவரை ஓட்டை. அவர்களுக்கு மூலை 16, விளிம்பு 24, முகம் 10. விடை 2. "பாரு, இவங்களுக்குச் சரியா வருது" என்று அவர்களைப் பாராட்டி, பையனைத் திரும்ப எண்ணச் சொன்னேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு இதுதான். பலகையில் எழுதியதைவிடப் பெரியது.

மறுநாள் ஒரு சமாதானத்தோடு போனேன். குழி விழுந்த வடிவத்துக்கு ஆய்லர் கணக்குப் பொருந்தாது, நான் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். பையன் கையைத் தூக்கினான்.

"குழிக்கே பொருந்தாதுன்னா, ஓட்டைக்கு எப்படி டீச்சர் பொருந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வகுப்பு சிரிக்கவில்லை. அது ஒரு ஆறுதல்.

விரலை எடுக்காமல்

அன்று மாலை வீட்டை இரவல் வாங்கிப் போய் விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முகத்தின் எல்லையிலும் விரலை வைத்துச் சுற்றி வந்தேன். வெளிச்சுவர், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது. முற்றத்துச் சுவர், தரை, அடி, எல்லாம் அப்படியே. மேல்தளத்துக்கு வந்தேன். வெளி ஓரத்தைச் சுற்றி முடித்துவிட்டேன். ஆனால் முற்றத்தைச் சுற்றியுள்ள உள் ஓரம் மிச்சம். அதைத் தொட வேண்டுமானால் விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சிக்கல் அந்த மேல்தளத்தில்தான் இருந்தது. அதை ஒரு முகம் என்று எண்ணிவிட்டோம். ஆய்லர் கணக்கில் முகம் என்றால் தட்டையாக இருந்தால் மட்டும் போதாது. எல்லை ஒரே சுற்றாக இருக்க வேண்டும், நடுவில் ஓட்டை கூடாது. படச்சட்டம் மாதிரி இருக்கும் பரப்பு அந்தக் கணக்கில் முகமே ஆகாது. அந்தப் பெண் உச்சியை மேலே என்று எடுத்துக்கொண்ட மாதிரி, நான் முகத்தைத் தட்டை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வயது 13.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் ஜெனீவாவைச் சேர்ந்த கணித அறிஞர் சிமோன் லுயிலியே. 1813இல் வெளியான கட்டுரையில் ஆய்லர் கணக்குத் தப்பும் மூன்று வகைகளைச் சொன்னார்: வளைய முகம், குடைந்து மறுபக்கம் போகும் ஓட்டை, உள்ளேயே மூடிக்கிடக்கும் பொந்து. எங்கள் வகுப்பில் முதல் இரண்டும் ஒரே நாளில் வந்திருந்தன.

மருந்து எளிது. மேல்தளத்தின் வெளி மூலை ஒன்றிலிருந்து உள் மூலை ஒன்றுக்கு ஒரு கோடு. இப்போது விரலை எடுக்காமல் வெளியே சுற்றி, கோட்டின் வழியே உள்ளே போய், உள்ளே சுற்றி, அதே கோட்டின் மறுகரை வழியாக வெளியே வந்துவிடலாம். விளிம்பு ஒன்று கூடி 25. 16 − 25 + 11 = 2.

வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது உடனே ஒரு ஆட்சேபம் வந்தது: கோடு போட்டால் முகம் இரண்டாகாதா? ரப்பர் பேண்டை ஒரு இடத்தில் வெட்டிக் கையில் கொடுத்தேன். துண்டு ஒன்றுதான். ஆக, ஒவ்வொரு வளைய முகமும் கணக்கில் ஒன்றைக் கூட்டிக் காட்டுகிறது.

இதை வைத்துப் பின் பெஞ்சு வீட்டைப் பார்த்தோம். அதில் மேலே ஒரு வளையம், அடியிலும் ஒரு வளையம். இரண்டுக்கும் கோடு போட்டால் 16 − 26 + 10 = 0. உண்மையான விடை 0. நான் பாராட்டிய 2, இரண்டு வளையங்கள் தந்த பொய். அந்தப் பெண்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர்களோ, பூஜ்யம் வந்த வீடு எங்களுடையது மட்டும்தான் என்று குதித்தார்கள். உடனே இரண்டு வளவு வைத்தும் போட்டுப் பார்த்தார்கள். கோடு போடாமல் எண்ணினால் மறுபடி 2, கோடு போட்டு எண்ணினால் −2. எத்தனை ஓட்டை போட்டாலும் தவறான எண்ணிக்கை 2 என்றே சாதிக்கிறது. இவ்வளவு நம்பிக்கையாகப் பொய் சொல்லும் கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குழிக்கு 2, ஓட்டைக்கு 0 ஏன் என்பதற்கு மாவுதான் துணை. மாவு உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழும், அதை எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால் பழைய உருண்டை ஆகிவிடும். விரல் மறுபக்கம் வந்துவிட்டால் அது வடை. வடையை எப்படி உருட்டிப் பிடித்தாலும், கிழித்து ஒட்டாமல், அது போண்டா ஆகாது.

ஓட்டுச் சரிவு

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பையன் மறுபடி எழுந்தான். "நிஜ வீட்ல அந்தக் கோடு இருக்கு டீச்சர். ஒண்ணு இல்ல, நாலு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் கண்முன்னால் வந்தது. வளவைச் சுற்றி ஓட்டுக் கூரை நான்கு புறமும் முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். மழைத்தண்ணீர் நான்கு மூலையிலும் இரண்டு சரிவு கூடும் இடத்தில் ஓடி வந்து கொட்டும். ஐயா அங்கேதான் அண்டா வைப்பாராம். சரிவு கூடும் அந்த இடம்தான் வெளி மூலையிலிருந்து உள் மூலைக்குப் போகும் கோடு. தெர்மாகோலைத் தட்டையாக வெட்டியதில் அது காணாமல் போயிருக்கிறது. நான்கு கோட்டையும் சேர்த்தால் விளிம்பு 28. மேல்தளம் நான்கு சரிவகங்களாகிறது, முகம் 14. 16 − 28 + 14 = 2. வீடு கட்டிய கொத்தனார் வளையத்தை விட்டுவைக்கவே இல்லை.

அதே வீச்சில் தூணும் வந்தது. பட்டாலைக் கூடத்தில் நிற்கும் பர்மா தேக்குத் தூண் உருளைதானே? முகம் 3, விளிம்பு 2, உச்சி 0, விடை 1. உருளை, தட்டையான முகங்களால் மட்டுமே ஆன பன்முகி இல்லை, வளைந்த பரப்பு இருக்கிறது, எனவே கணக்கில் வராது என்று புத்தகப்படி சொல்லி முடித்துவிடலாம். ஆனால் விரல் சோதனையைச் செய்து பாருங்கள். வளைந்த பரப்புக்கு மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், விரலை எடுக்காமல் முடியாது. மேலிருந்து கீழே ஒரு கோடு போடுங்கள், சார்ட் பேப்பரைச் சுருட்டி ஒட்டினால் தெரியும் இணைப்பு மாதிரி. கோட்டின் இரண்டு நுனியும் உச்சிகள். 2 − 3 + 3 = 2. கூம்புக்கு உச்சி 1, விளிம்பு 1, முகம் 2 என்று கோடு போடாமலே 2 வந்துவிடும். பிள்ளைகள் அதையும் நம்பவில்லை, கோடு போட்டுத்தான் பார்த்தார்கள். அப்போதும் 2 தான்.

பிறகு

இரண்டு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் அதே செங்கலை வைத்தேன். தொட்டுக் காட்டுவதில் நான்கைந்து பேர் இன்னும் விளிம்பில் தடுமாறினார்கள், பெரும்பாலும் அடியில் உள்ள நான்கை விட்டுவிட்டு. வளைய முகத்தை வரைந்து கேட்டதற்கு ஏறக்குறைய பாதி வகுப்புக்கு விளக்கம் சொல்ல வந்தது. மீதிப் பேருக்குக் கோடு போட வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது, ஏன் என்பது நிற்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு அது போதும் என்பது என் கருத்து. சக ஆசிரியர் ஒருவர், பாடத்திட்டத்தில் இல்லாததற்கு இவ்வளவு நேரமா என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, வட்டி பாடம் அந்த மாதம் அவசரத்தில்தான் போனது.

பலகையில் கட்டம் கட்டிய வரியை நான் அழிக்கவில்லை. "எந்தத் திண்மத்துக்கும்" என்பதை மட்டும் அடித்து, "ஓட்டையும் பொந்தும் இல்லாத திண்மத்துக்கு, விரலை எடுக்காமல் சுற்றக்கூடிய முகங்கள் இருந்தால்" என்று பையனையே எழுத வைத்தேன். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, விட்டுவிட்டேன்.

பருவத் தேர்வில் கனச்செவ்வகத்தின் உச்சிகள் எத்தனை என்று ஒரு மதிப்பெண் கேள்வி. அந்தப் பெண் 8 என்று சரியாக எழுதியிருந்தாள். கேள்வித்தாளைத் தன் விடைத்தாளோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அதில் "உச்சிகள்" என்ற சொல்லை அடித்து, மேலே பென்சிலில் "மூலை" என்று எழுதியிருந்தது.